படம் எடுப்பதை ஆலைபோல் நடத்திய சேலத்து முதலாளி டி.ஆர். சுந்தரம்

அலிபாபாவும் நாற்பது திருடர்களும் கதையை அறியாத மலேசிய மாணவர் இருக்க முடியாது. பள்ளியில் மலாய் நண்பர்களோடு பேசும்போது அந்தப் பெயரைச் சொன்னால் பி. ரம்லியின் ‘அலிபாபா பூஜாங் லாப்போக்’ படம் பேச்சில் வந்துவிடும். வீட்டில் தாத்தா பாட்டியிடம் அதே பெயரைச் சொன்னால், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த தமிழ்ப் படம் நினைவுக்கு வரும். ரம்லியின் படம் 1961இல் வெளிவந்தது. தமிழ்ப் படம் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1956 பொங்கலுக்குத் திரைக்கு வந்துவிட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அதுதான்.

அந்தப் படத்தை எடுத்தவரின் பெயர் இன்றைய மாணவர்களில் பலருக்குத் தெரியாது. நடிகர்களின் பெயர்கள் நிலைத்த அளவுக்குத் தயாரிப்பாளர்களின் பெயர்கள் நிலைப்பதில்லை. அவர் டி.ஆர். சுந்தரம். தமிழ்நாட்டின் சேலத்தில் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்ற படநிறுவனத்தைத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவர அடித்தளம் போட்டவர். துப்பறியும் கதை, திருடர் கதை, சிறைக் கைதி கதை என்று விறுவிறுப்பான படங்களைக் குறித்த நாளில், குறித்த செலவுக்குள் முடித்துக் காட்டியவர். சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை அறிந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயர் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

திருச்செங்கோட்டிலிருந்து லீட்ஸ் நகருக்கு

சுந்தரம் 1907ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பிறந்தார். சேலத்தை அடுத்த திருச்செங்கோடு அவருடைய குடும்பத்தின் ஊர். நெசவும் ஜவுளியும் குடும்பத் தொழில், வசதியான குடும்பம். குடும்பத் தொழிலை நவீன முறையில் கற்றுவருவதற்காக அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இன்றும் மலேசிய மாணவர்கள் பலர் படிக்கப்போகும் லீட்ஸ் நகரில்தான் அவர் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார்.

அன்றைய லீட்ஸ் ஆலைகளின் நகரம். பஞ்சும் கம்பளியும் ஒரு வாசல் வழியாக உள்ளே போய், இன்னொரு வாசல் வழியாகத் துணியாக வெளியே வரும். நடுவில் எத்தனை இயந்திரங்கள், எத்தனை ஆட்கள், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் கணக்கில் இருக்கும். சுந்தரம் பின்னாளில் படநிறுவனம் நடத்திய விதத்தைப் பார்க்கும்போது, அவர் அங்கே கற்றது நூலையும் துணியையும் பற்றி மட்டும் இல்லை என்பது புரியும். ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தடையில்லாமல் நடத்தும் கலையையும் அவர் அங்கேதான் கற்றார்.

இங்கிலாந்தில் கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1930களின் தமிழ்நாட்டில் அது சிறிய செய்தி அல்ல. ஊர் என்ன சொல்லும் என்று பார்த்து நடக்கும் மனிதர் அவர் இல்லை என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

கல்கத்தா போக வேண்டியிருந்த காலம்

1931இல் ‘காளிதாஸ்’ வந்தபோது தமிழ் பேசும்படக் காலம் தொடங்கியது. ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்டது பம்பாயில். தமிழ்நாட்டில் ஒலியுடன் படம் எடுக்கும் வசதி அப்போது இல்லை. 1934இல்தான் சென்னையில் முதல் பேசும்பட ஸ்டூடியோ அமைந்தது. அதன் பிறகும் பல தமிழ்ப் படங்களுக்கு நடிகர்கள், பாடகர்கள், சமையல்காரர் உட்பட ஒரு பெரிய கூட்டமே ரயிலேறிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டியிருந்தது. மொழி தெரியாத ஊரில், வாடகைக்கு எடுத்த ஸ்டூடியோவில், நாள் கணக்குப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்ப வேண்டும்.

ஊர் திரும்பிய சுந்தரம், சேலத்தில் இயங்கிய ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து படத்தொழிலில் இறங்கினார். அவரும் கல்கத்தாவுக்குப் போய்வந்தார். பணம் எங்கே செலவாகிறது என்பதை அங்கே நேரில் பார்த்தார். ரயில் கட்டணம், தங்கும் செலவு, ஸ்டூடியோ வாடகை, காத்திருக்கும் நாட்களின் சம்பளம் ஆகிய எதுவும் திரையில் தெரிவதில்லை. பார்வையாளனுக்குப் பயன்படாத செலவு அது.

இதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்வது. அந்த இடமும் சென்னையாக இருக்க வேண்டியதில்லை என்று அவர் நினைத்தார். சேலத்தில், ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில், 1930களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸ் உருவானது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் கூடம், படத்தொகுப்பு, அரங்கம் அமைக்கும் பட்டறை எல்லாம் ஒரே வளாகத்தில். மலை, காடு, பாறை எல்லாம் கூப்பிடு தூரத்தில். 1937இல் நிறுவனத்தின் முதல் படமான ‘சதி அகல்யா’ வெளிவந்தது.

அடுத்த ஆண்டே இன்னொரு முதல். மலையாள மொழியின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. கேரளத்தின் முதல் பேசும்படம் சேலத்தில் பிறந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எஸ். நொட்டானி இயக்கினார். போடோ குஷ்வாக்கர் என்ற ஜெர்மானியர் ஒளிப்பதிவு செய்தார். திறமை எந்த நாட்டில் இருந்தாலும் அழைத்துவந்து, தம் ஆட்களை அவரிடம் பழகவிடுவது சுந்தரத்தின் வழக்கம்.

ஆலை நடந்த விதம்

நம் பகுதி மாணவர்களுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் நடந்த விதத்தை விளக்க ரப்பர் தோட்டத்தைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. விடியற்காலையில் மரம் சீவ வேண்டும். பால் வடிந்ததும் எடுக்க வேண்டும். எடுத்த பாலை நேரத்தோடு ஆலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு இடத்தில் தாமதம் ஏற்பட்டால் பால் உறைந்து கெட்டுவிடும், அன்றைய உழைப்பு வீண். படத்தொழிலும் அப்படித்தான். நடிகர் வந்து அரங்கம் தயாராகாவிட்டால் ஒரு நாள் போச்சு. அரங்கம் தயாராகி வசனம் எழுதி முடியாவிட்டால் இன்னொரு நாள் போச்சு.

சுந்தரம் இதை நடக்கவிடவில்லை. கதையும் வசனமும் முழுதாக முடிந்த பிறகே படப்பிடிப்பு. ஒரு படம் தளத்தில் இருக்கும்போதே அடுத்த படத்தின் எழுத்து வேலை நடக்கும். அரங்கத்துக்குச் செய்த தூணும் கதவும் அடுத்த படத்துக்கு வேறு வண்ணத்தில் பயன்படும். எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், தச்சர் என்று பலரும் மாதச் சம்பளக்காரர்கள். நேரத்துக்கு வருவது எல்லோருக்கும் பொது விதி, முதலாளிக்கும் சேர்த்து. தொழிலாளர் முதல் நடிகர் வரை அவரை ‘முதலாளி’ என்றே அழைத்தார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே விளக்க வேண்டும். இன்று கைப்பேசியில் ஒரு காட்சியை இருபது முறை எடுத்தாலும் செலவு இல்லை, பிடிக்காததை அழித்துவிடலாம். அன்று ஒளிப்பதிவு நடந்தது வெளிநாட்டிலிருந்து வரும் படச்சுருளில். நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நடிகர் ஒரு வரியை மறந்தால், ஓடிய சுருள் ஓடியதுதான். எனவே ஒத்திகை முக்கியம். கேமரா ஓடத் தொடங்கும் முன்பே எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். சிக்கனம் என்றால் மலிவான பொருள் வாங்குவது என்று நாம் நினைக்கிறோம். சுந்தரத்துக்குச் சிக்கனம் என்றால் முன்கூட்டியே யோசிப்பது.

இந்த முறையில் அவர் எடுத்தவை எல்லாம் சிறிய படங்கள் என்று எண்ண வேண்டாம். 1940இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்தார். தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம் அது. 1942இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை ‘மனோன்மணி’ என்ற பெயரில் பெரும் பொருட்செலவில் படமாக்கினார். செலவு செய்ய வேண்டிய இடத்தில் அவர் தயங்கியதில்லை. எங்கே செலவிடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு.

போர்க்காலத்தில் 11,000 அடி

இரண்டாம் உலகப் போர் வந்தது. நம் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவிலிருந்து தமிழர்கள் நடந்தே இந்தியாவுக்குத் தப்பி ஓடினார்கள். இந்தியாவில் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று 1943இல் அரசு கட்டுப்பாடு விதித்தது. அதாவது சுமார் இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல், ஐம்பது பாட்டுகளுடன் படம் எடுத்துப் பழகிய தயாரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். முன்கூட்டியே திட்டமிடுபவருக்கு அது பெரிய இடியாக இல்லை.

போர் முயற்சிக்கு ஆதரவான படம் எடுக்க வேண்டும் என்ற அரசின் நெருக்குதலும் இருந்தது. சுந்தரம் ‘பர்மா ராணி’ படத்தை இயக்கி 1945இல் வெளியிட்டார். ஜப்பானியர் பிடியில் இருக்கும் பர்மாவில் நடக்கும் உளவுக் கதை. அதில் ஜப்பானிய அதிகாரியாக அவரே நடித்தார். அரசு கேட்ட பிரசாரப் படத்தைக்கூட மக்கள் விரும்பிப் பார்க்கும் விறுவிறுப்பான கதையாக மாற்றினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே வேளையில், சயாம் மரண ரயில்பாதையில் நம் தோட்டத் தமிழர்கள் செத்து மடிந்த ஆண்டுகள் அவை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. நம்மவர்களின் அந்தத் துயரம் அன்று எந்தத் தமிழ்ப் படத்திலும் இடம்பெறவில்லை.

குறைந்த செலவில் மர்மம்

1950ஆம் ஆண்டு சுந்தரத்தின் வாழ்க்கையில் முக்கியமானது. ‘மந்திரி குமாரி’, ‘பொன்முடி’, ‘திகம்பர சாமியார்’ மூன்றும் அந்த ஓராண்டில் வந்தன.

இதில் ‘திகம்பர சாமியார்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அந்தக் காலத்தில் பெரும் புகழ்பெற்ற துப்பறியும் நாவலாசிரியர். அவருடைய கதையை எடுத்துக்கொண்டு, சுந்தரமே இயக்கினார். கதாநாயகன் எம்.என். நம்பியார். பின்னாளில் எம்.ஜி.ஆர் படங்களில் கொடிய வில்லனாக நாம் பார்க்கும் அதே நம்பியார்தான். குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க அவர் அதில் பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்களில் வருவார்.

தயாரிப்பாளரின் கண்ணோடு இதைப் பாருங்கள். அரண்மனை கட்ட வேண்டாம், போர்க்களத்துக்கு யானையும் குதிரையும் வேண்டாம், பெரிய நட்சத்திரமும் வேண்டாம். அடுத்து இவர் என்ன வேடத்தில் வருவார் என்ற ஆவலே பார்வையாளனை நாற்காலியில் உட்கார வைத்துவிடும். அதற்கு ஆகும் செலவு, ஒப்பனைக்காரரின் உழைப்பும் நடிகரின் திறமையும்தான். துப்பறியும் கதைக்கும் திருட்டுக் கதைக்கும் இருக்கும் பெரிய வசதி இது. பிரமாண்டம் அரங்கத்தில் இருக்க வேண்டியதில்லை, கதையின் முடிச்சில் இருந்தால் போதும். உலகம் முழுவதும் சிறிய முதலீட்டுப் படக்காரர்கள் குற்றக் கதையைத் தேடிப்போவதற்குக் காரணம் இதுதான். 1960இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த ‘கைதி கண்ணாயிரம்’ படமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

எழுத்தாளர்களுக்குக் கதவு திறந்தவர்

வெறும் கணக்குப் பார்க்கும் மனிதராக இருந்திருந்தால் சுந்தரத்தை இன்று நாம் நினைக்க வேண்டியதில்லை. அவருக்கு நல்ல தமிழின் மதிப்பு தெரிந்திருந்தது. ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுதியவர் இளைஞரான மு. கருணாநிதி. குண்டலகேசி காப்பியக் கதையை ஒட்டி எழுதப்பட்ட அந்தப் படத்தில் நாயகன் எம்.ஜி.ஆர். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தைத் தொடங்கி, இடையில் தாயகம் திரும்ப, மீதியைச் சுந்தரம் முடித்தார். ‘பொன்முடி’ பாவேந்தர் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்திலிருந்து வந்தது. 1952இல் வந்த ‘வளையாபதி’க்கும் பாரதிதாசனே எழுதினார். கண்ணதாசனும் இளமையில் அங்கே வேலை பார்த்தவர். பின்னாளில் தமிழ்நாட்டு முதலமைச்சர்களான இருவரும், நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் கவிஞர்களும் சேலத்தின் அந்த ஒரே வாசலைத் தாண்டிப்போனவர்கள்.

1952இல் இன்னொரு துணிச்சல். ராபர்ட் லிப்பர்ட் என்பவர் அமெரிக்காவில் சிறிய முதலீட்டுப் படங்களுக்குப் பெயர்போன தயாரிப்பாளர். அவருடைய நிறுவனத்தோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. தமிழில் அது ‘காடு’ ஆனது. ராட் கேமரன், சீசர் ரொமேரோ போன்ற ஹாலிவுட் நடிகர்கள் நடித்தார்கள். கதைப்படி காட்டில் பனிக்காலத்து மாமூத் யானைகள் வர வேண்டும். நம் ஊர் யானைகளுக்கு உரோமப் போர்வை போர்த்தி மாமூத் ஆக்கினார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு ஹாலிவுட்டோடு கைகோக்கலாம் என்று 1952இல் ஒருவர் நினைத்தாரே, அதை எண்ணிப் பாருங்கள்.

மூன்று ஊர்களில் மூன்று குகைகள்

1954இல் அலிபாபா கதை இந்தியில் படமாகி ஓடியது. அதைத் தமிழில், முழுக்க வண்ணத்தில் எடுக்கச் சுந்தரம் முடிவு செய்தார். அதுவரை தமிழ்ப் படங்களில் சில பாட்டுகளோ காட்சிகளோ மட்டும்தான் வண்ணத்தில் வரும். பெல்ஜியத்தில் தயாரான கேவாகலர் சுருளைப் பயன்படுத்தினார். வண்ணச் சுருளுக்குக் கறுப்பு வெள்ளையைவிட மிக அதிக வெளிச்சம் வேண்டும். விளக்குகளின் சூடு தாங்க முடியாது. சுருளின் விலையும் அதிகம். இத்தனைக்கும் நடுவில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ முடிந்து, 1956 ஜனவரி 14இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. ஐந்தாண்டுகள் கழித்து ‘கண்டம் பெச்ச கோட்டு’ மூலம் மலையாளத்தின் முதல் வண்ணப் படத்தையும் அவரே இயக்கினார்.

அதே 1961இல்தான் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் உருவான ரம்லியின் அலிபாபா வெளிவந்தது. கறுப்பு வெள்ளைப் படம். திருடர் தலைவன் வேடத்தில் ரம்லியே நடித்தார். பழைய பாக்தாத் கதைக்குள் நவீன காலப் பொருள்களை நுழைத்துச் சிரிக்க வைத்தார். சுந்தரத்திடம் வண்ணம் இருந்தது, ரம்லியிடம் குறும்பு இருந்தது. ஜாலான் அம்பாஸும் சேலத்தைப் போல மாதச் சம்பளத்தில், ஒரே வளாகத்தில் ஓடிய படஆலைதான். அங்கே இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் வேலை பார்த்தார்கள். ரம்லிக்கு முதல் கதாநாயகன் வாய்ப்பை 1950இல் ‘பக்தி’ படத்தில் தந்தவர் எல். கிருஷ்ணன் என்பது நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மூன்றாவது குகை இத்தாலியில் இருக்கிறது. 1968இல் மரியோ பாவா என்ற இயக்குநர் ‘டேஞ்சர்: டயபோலிக்’ என்ற திருடன் படத்தை எடுத்தார். ஜியுசானி சகோதரிகள் எழுதிய படக்கதையின் நாயகனான முகமூடித் திருடன்தான் டயபோலிக். தயாரிப்பாளர் டினோ டி லாரெண்டிஸ் தாராளமாகப் பணம் ஒதுக்கியும், பாவா அதில் ஒரு சிறு பகுதியிலேயே படத்தை முடித்துக் கொடுத்தார். திருடனின் பிரமாண்டமான நிலவறை மாளிகையைப் படத்தில் பார்த்தால், கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியதுபோல் இருக்கும். உண்மையில் கட்டியது கொஞ்சம்தான். மீதியைக் கண்ணாடித் தகட்டில் வரைந்தும், படங்களை வெட்டி ஒட்டியும், கேமராவுக்கு முன்னால் வைத்து ஒரே காட்சியாகப் பிடித்தார். பாவா ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநர் ஆனவர். கண்ணை எப்படி ஏமாற்றுவது என்பது அவருக்குக் கைவந்த கலை.

சுந்தரமும் பாவாவும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க மாட்டார்கள். ஒருவர் ஆலை முதலாளி, இன்னொருவர் கைவினைஞர். ஒருவர் நேரத்தை மிச்சப்படுத்தினார், இன்னொருவர் அரங்கத்தை மிச்சப்படுத்தினார். இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. பார்வையாளன் கண்ணில் படுவது என்ன, படாதது என்ன என்று இருவரும் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

முதலாளியின் மறுபக்கம்

சுந்தரத்தைக் குறையே இல்லாதவராகக் காட்டினால் அது வரலாறு ஆகாது. அவருடைய கண்டிப்பு பற்றித் திரையுலகில் இன்றும் கதைகள் சொல்லப்படுகின்றன. அலிபாபா படத்தின் கடைசிக் கட்டத்தில் எம்.ஜி.ஆர் வர முடியாத நாட்களில், அவரைப் போன்ற ஒருவரை வைத்து மீதிக் காட்சிகளை முடித்துவிட்டார் என்பது அதில் ஒன்று. நட்சத்திரத்துக்காகத் தொழில் நிற்காது என்று மெச்சுபவர்கள் உண்டு. நடிகரும் ஒரு கலைஞர்தானே, தறியில் மாற்றிப் பூட்டும் உதிரிபாகமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, கதைகளைக் கடன் வாங்கியது. ‘உத்தம புத்திரன்’ பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையின் நிழல். 1951இல் வந்த ‘சர்வாதிகாரி’ ஒரு ஹாலிவுட் படத்தைத் தழுவியது. ‘கைதி கண்ணாயிரம்’ இந்திப் படம் ஒன்றின் மறுஆக்கம். வெளியூரில் ஓடிய கதையை எடுத்தால் நட்டம் வராது என்பது ஆலைக் கணக்கு. அந்தக் கணக்கு படத்தைக் காப்பாற்றியது, ஆனால் சேலத்து மண்ணின் கதைகள் பலவற்றைச் சொல்லாமல் விட்டது. நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்தவர், நெசவாளர் வாழ்க்கையை வைத்து மறக்க முடியாத ஒரு படம் தரவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

ஆனாலும் அவர் தந்த வாய்ப்புகளை மறுக்க முடியாது. நகைச்சுவை நடிகை என்று மட்டுமே மற்றவர்கள் பார்த்த மனோரமாவை 1963இல் ‘கொஞ்சும் குமரி’ படத்தில் கதாநாயகி ஆக்கியது மாடர்ன் தியேட்டர்ஸ்தான். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைவராகவும் சுந்தரம் இருந்திருக்கிறார். சென்னையில் இல்லாமல், சேலத்தில் இருந்துகொண்டே அந்த இடத்தை அடைந்தார்.

வளைவு மட்டும் மிஞ்சியது

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், 56 வயதில் சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘நான்கு கில்லாடிகள்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று திருட்டும் துப்பறிதலும் கலந்த படங்கள் தொடர்ந்து வந்தன. ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடிய அந்தப் படங்கள்தான் நம் தாத்தாக்களின் இளமைக்கால ஜேம்ஸ் பாண்ட் படங்கள். ஆனால் தமிழ்த் திரையுலகம் முழுவதும் சென்னையில் குவிந்துவிட்டது. ஸ்டூடியோவை விட்டு வெளியே போய்ப் படம் எடுக்கும் காலமும் வந்தது. 1980களின் தொடக்கத்தோடு மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுப்பது நின்றுபோனது. நிலம் வீட்டுமனைகள் ஆனது. இன்று ஏற்காடு சாலையில் அந்த நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

கெடா மாணவர்களுக்கு இது தெரியாத கதை இல்லை. ரப்பர் தோட்டங்கள் செம்பனை ஆகி, பிறகு வீடமைப்புத் தாமான்கள் ஆனதை நாம் பார்த்திருக்கிறோம். தோட்டத்துப் பெயர் ஒரு சாலைப் பலகையிலோ கோயில் பெயரிலோ மட்டும் மிஞ்சியிருக்கும். சேலத்து வளைவைப் போலத்தான்.

மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. ஒரு மொழியின் முதல் குரல் அழிந்துவிட்டது. படம் எடுப்பதில் அத்தனை திட்டமிட்ட ஒரு நிறுவனம், எடுத்ததைப் பாதுகாப்பதற்குத் திட்டமிடவில்லை. அன்று யாருமே திட்டமிடவில்லை. ஓடி முடிந்த படம் வெறும் பழைய சுருள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களும் பல்கலைக்கழக நண்பர்களும் இன்று குறும்படப் போட்டிகளில் ஆர்வமாகக் கலந்துகொள்கிறார்கள். நல்ல கேமரா இல்லை, பணம் இல்லை, கோலாலம்பூரில் இல்லை என்ற குறைகள் அடிக்கடி காதில் விழுகின்றன. சுந்தரமும் சென்னையில் இல்லை. பாவாவிடம் மாளிகை கட்டப் பணம் செலவழிக்கும் எண்ணமே இல்லை. எழுதி முடித்த கதை, நேரத்துக்கு வரும் குழு, எது திரையில் தெரியும் என்ற தெளிவு ஆகிய மூன்றும் இருந்தால் குறைந்த செலவு ஒரு தடை ஆகாது. இந்த மூன்றுக்கும் ஒரு ரிங்கிட்கூட வேண்டியதில்லை.

சுந்தரம் விட்டுவைத்த ஒரு வேலையும் இருக்கிறது. அது நம் மண்ணின் கதையைச் சொல்வதும், சொன்னதைப் பாதுகாப்பதும். தோட்டத்துத் திடலில் துணித் திரையின் முன்னால் பாய் விரித்து அமர்ந்து படம் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தப் படம் வந்தது, யார் கொண்டுவந்தார்கள், மழை வந்தால் என்ன செய்தார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய நம் கையில் இருக்கும் கைப்பேசியே போதும். பதிவு செய்ததை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பெயர், ஊர், தேதி மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.